மனச்சிதைவு நோயில் மறதி: தம்பியைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (கோத்தகிரி)

மனச்சிதைவு நோய்க்கு என் தம்பி நான்கு ஆண்டுகளாக மருந்து உட்கொண்டு வருகிறான். காதில் குரல் கேட்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. மறதி மட்டும் குறையவில்லை. நேற்றுப் பாலும் தீப்பெட்டியும் வாங்கிவரச் சொன்னேன். கடைவரை போய் வெறும் பையோடு திரும்பியவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அக்கா, என்ன வாங்கச் சொன்னே?" என்று கேட்டபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன. அப்பாவோ சோம்பேறி என்று திட்டுகிறார். தேயிலைத் தோட்டத்தில் இறங்கினால் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக என்னைவிட வேகமாகப் பறிப்பவனும் இவன்தான். இது நோயா, மருந்தா, அலட்சியமா?

பதில் 1 (குன்னூர், ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர்)

அலட்சியம் இல்லை அம்மா. இதை அப்பாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் தாங்கி வைத்திருக்கும் திறனும், புதியதைப் பதியவைக்கும் திறனும் இந்நோயில் பலருக்குக் குறைகின்றன. குரல்கள் தொடங்குவதற்கு முன்பே அந்தக் குறை தென்படுவதும் உண்டு. குரல்களை அடக்கும் மருந்துகள் நினைவாற்றலை அந்த அளவுக்கு மீட்டுத் தருவதில்லை. கை பழகிய வேலையின் நினைவு வேறு வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் தப்பிவிடுவதால்தான் கொழுந்து பறிப்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை.

மருந்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்திருந்தால், அது மறதியைக் கூட்டக்கூடும். தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மருந்துச் சீட்டோடு சென்று, அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். தூக்கம் கெட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 2 (கூடலூர்)

என் மகளுக்கும் இதே நோய்தான். அவளிடம் "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் திகைத்துப்போவாள், "இட்லியா, உப்புமாவா?" என்று கேட்டால் உடனே சரியாகச் சொல்லிவிடுவாள். இதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே சொல்கிறேன், அதையும் அவளைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் அனுப்புகிறேன். கடைச் சாமான்களை அவளே தன் கையால் எழுதி ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொள்கிறாள். "மறந்துட்டியா?" என்ற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை, அதைக் கேட்டால் அன்று முழுவதும் அவள் வாய் திறக்கமாட்டாள்.

மீண்டும் கேட்டவர் (கோத்தகிரி)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டைப் பார்த்தேன், அந்த மாத்திரை இருக்கிறது. வியாழக்கிழமை மருத்துவரிடம் கேட்கிறேன். உங்கள் பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டவர், செவிலியர் அம்மா எழுதியதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.