ஜன்னல் பிளைண்ட் கயிறு அறுந்துவிட்டது, நாமே மாட்டலாமா?

திருநகர்வாசி:
மேற்கு பார்த்த ஜன்னல், மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். வெயிலை மறைக்க மாட்டிய பிவிசி பட்டை வைத்த பிளைண்டில் தூக்கும் கயிறு ஒரு பக்கம் அறுந்து மொத்தமும் கோணலாகத் தொங்குகிறது, நடுவில் இரண்டு பட்டையும் உடைந்துவிட்டன (பையன் கைங்கரியம்). கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். சரிசெய்ய வழி உண்டா?

ஒத்தக்கடைக்காரன்:
புதுசெல்லாம் வேண்டாம் அண்ணே. கழற்றித் தரையில் விரித்துப் போடுங்க. அடிக்கட்டைக்குக் கீழே சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், நெம்பினால் முடிச்சு தெரியும், அதை அவிழ்த்துக் கயிற்றை உருவினால் பட்டைகள் பக்கவாட்டில் கழன்று வரும். உடைந்ததை எடுத்துவிட்டு, அடியில் உபரியாகக் கிடக்கும் பட்டைகளை அங்கே செருகுங்க. புதுக் கயிறு கோக்கும்போது ஏணி நூலின் (பட்டைகளைத் தாங்கும் ஏணி மாதிரியான நூல்) குறுக்கு இழைகளுக்கு ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று மாறி மாறிப் போகணும். நான் முதல் தடவை நேராக விட்டு, பட்டையெல்லாம் நழுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போச்சு.

ஆனையூர் அக்கா:
பழைய கயிற்றில் ஒரு துண்டு கடைக்குக் கொண்டுபோங்க தம்பி, தடிமன் கூடினால் மேலே கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பூட்டில் சிக்கும். நுனியைத் தீக்குச்சியில் லேசாகச் சுட்டால் பிரியாது. குழந்தை இருக்கிற வீடு, தொங்கும் கயிறு கழுத்தில் மாட்டிக்கொள்ளும். சுவரில் உயரமாக ஒரு கொக்கி அடித்துச் சுற்றி வையுங்க.

திருநகர்வாசி:
மூடி கிடைத்துவிட்டது, பெயிண்ட் அப்பிக் கிடந்ததால் கண்ணில் படவில்லை. நன்றி அக்கா, கொக்கிதான் முதல் வேலை.