மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி: கடிக்கிறது, ஹாலில் மூத்திரம் போகிறது, கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். வீட்டுக்குச் சிப்பிப்பாறை ஆண் குட்டி வந்திருக்கு, 12 வாரம் ஆகுது. தனி வீடு, பின்னாடி கொல்லையில நாலஞ்சு கோழி. வீட்டுல சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர், எங்கம்மா.

சிக்கல் மூணு. பிள்ளைங்க கை, கால், பாவாடை எதையும் விடாம கடிக்குது. வெளிய கூட்டிட்டுப் போய் எவ்வளவு நேரம் நின்னாலும் மூத்திரம் போகாது, உள்ள வந்ததும் ஹால்ல போயிடும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்த்துட்டு வேற பக்கம் ஓடுது. மூத்திரத்துல மூக்கைத் தேய்ச்சு ரெண்டு அடி போட்டா புத்தி வரும்னும், யாரு தலைவன்னு மல்லாக்கப் போட்டு அமுக்கிக் காட்டணும்னும் பக்கத்துல சொல்றாங்க. மனசு ஒப்பல. நாங்க எதை மாத்திக்கணும்னு வளர்த்தவங்க சொல்லுங்க.

கரிசல்காடு:

மனசு ஒப்பாதது சரிதான், அதை விட்டுவிடாதீர்கள். குட்டி ஒன்றைச் செய்து ஓரிரு நொடிக்குள் கிடைக்கிற பலனைத்தான் அந்தச் செயலோடு சேர்த்துப் பார்க்கும். பத்து நிமிஷம் கழித்து மூக்கைத் தேய்த்தால், "ஹாலில் போகக்கூடாது" என்று அதற்குப் புரியாது. "ஆள் பார்க்கும்போது போனால் ஆபத்து" என்றுதான் பதியும். வெளியே நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது அது அடக்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டில் யாராவது ஏற்கெனவே அதட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

"தப்பு செஞ்சுட்டு முகத்தைத் தொங்கப் போடுது, அதுக்குத் தெரியும்" என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த முகம் நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதோடு ஒட்டவில்லை, வளர்ப்பவர் திட்டினாரா என்பதோடுதான் ஒட்டியது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அப்படித்தான் பார்த்தது.

இனி செய்ய வேண்டியது. விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒருமுறை வெளியே கூட்டிப் போங்கள். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு 15 நிமிஷத்தில், விளையாட்டின் நடுவில் தரையை முகர்ந்து வட்டமடிக்கும்போது கட்டாயம் போக வேண்டும். 3 மாதக் குட்டி அதிகபட்சம் 4 மணி நேரம் தாங்கும், அதுவும் தூக்கத்தில்தான். எப்போதும் ஒரே கதவு, ஒரே இடம். கயிற்றைத் தளரவிட்டு, பேசாமல், அதன் முகத்தையே பார்க்காமல் நில்லுங்கள். 5 நிமிஷத்தில் போகவில்லை என்றால் உள்ளே கூட்டி வரலாம், ஆனால் அவிழ்த்து விடக்கூடாது. கயிறு உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும், 10 நிமிஷம் கழித்து மறுபடி வெளியே. முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

போய் முடித்ததும் அதே இடத்தில், உடனே தீனி கொடுங்கள். உள்ளே வந்து சமையலறையில் கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் கூலி. கொடுத்த பிறகு இரண்டு நிமிஷம் அங்கேயே விளையாட விடுங்கள். மூத்திரம் போனதும் வெளியுலகம் முடிந்துவிடுகிறது என்று கண்டுகொண்ட குட்டி அடக்கிவைக்கும்.

ஹாலைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். நம் மூக்குக்குத்தான் வாடை மறையும், நாய்க்கு மறையாது. பாதத்தில் ஒட்டினதை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். அம்மோனியா கலந்த திரவம் மூத்திரம் போலவே வாடை அடித்து, மறுபடி அங்கேயே போகத் தூண்டும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துடையுங்கள். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, போகும்போது முனகினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், மூத்திரப்பைத் தொற்றாக இருக்கலாம்.

ஓடைப்பட்டி:

கடி பத்தி நான் சொல்றேன். இது கோவம் இல்ல. பால் பல்லு 28. நாலு மாசத்துல விழ ஆரம்பிச்சு, ஆறேழு மாசத்துல 42 பல்லும் வந்துரும். அதுவரை ஈறு அரிக்கும், வாய் சும்மா இருக்காது.

உங்க வீட்டுல இது அதிகமா இருக்கறதுக்கு இனமும் ஒரு காரணம். சிப்பிப்பாறை கண்ணால பார்த்துத் துரத்துற நாய். கையை வெடுக்குனு இழுத்தா, பிள்ளை கத்திக்கிட்டு ஓடினா, பாவாடை பறந்தா, அதுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது. அதனால முதல் பயிற்சி பிள்ளைங்களுக்குத்தான்: குட்டி பாய்ஞ்சா ஓடக்கூடாது, ரெண்டு கையையும் மார்போட கட்டிக்கிட்டு அசையாம நின்னு சுவரைப் பார்க்கணும். இதைக் குட்டி இல்லாதப்போ நாலு தடவை நடிச்சுப் பழக்குங்க.

பழைய பருத்தி வேட்டியை முறுக்கி மூணு முடிச்சுப் போட்டு, முழங்கையில இருந்து விரல் நுனி நீளத்துக்கு வச்சுக்குங்க. கை பக்கம் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சைத் தரையோட இழுத்து ஆட்டணும். கடிச்சதுக்கு அப்புறம் நீட்டினா கடிச்சதுக்குப் பரிசு மாதிரி ஆயிரும். பல்லு அழுந்திருச்சுன்னா சத்தம் போடாம எந்திரிச்சு அறையை விட்டு 30 வினாடி போயிருங்க. அதுக்கு மேல போனா எதுக்குப் போனீங்கன்னு அதுக்கு மறந்துரும்.

சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வெறி பிடிச்ச மாதிரி ஓடிக் கடிக்குதா? அது பெரும்பாலும் தூக்கம் பத்தாம வர்றது. இந்த வயசுல ஒரு நாளைக்கு 18 மணி நேரம் போலத் தூங்கணும். பிள்ளைங்க இருக்கற வீட்டுல குட்டியைத் தூங்க விடறதே இல்ல. ஒரு மணி நேரம் முழிப்பு, அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில படுக்க வைங்க. ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசர்ல வச்சுக் கொடுக்கலாம். வேகவச்ச எலும்பு மட்டும் வேண்டாம், சிராய் சிராயா உடைஞ்சு குடலைக் குத்தும்.

இது ரொம்ப முக்கியம்: பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினா, குட்டிதானேன்னு விடாதீங்க. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குட்டிக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி 3 மாசத்துல போடணும், உங்க குட்டிக்கு இந்த வாரமே. போட்ட அன்னைக்கே பாதுகாப்பு வந்துராது.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. நேத்துகூட அம்மா அதட்டினாங்களாம், கேட்டேன். கூப்பிட்டா வர்றதுக்கு என்ன செய்யறது? பிள்ளைங்க "இங்க வாடா"ங்கறாங்க, அம்மா "ச்சூ ச்சூ"ங்கறாங்க. கோழி பக்கம் பார்த்தா உடம்பு விறைச்சு நிக்குது, அதுதான் பயம்.

தேரிமணல்:

பெயர் என்பது "என்னைப் பார்" என்பதற்கு. அது திரும்பிப் பார்க்கிறது, அதன் வேலை முடிந்தது. வருவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். "வா" என்று வையுங்கள், அம்மா உட்பட எல்லோருக்கும் அது ஒன்றுதான். ஒரு காகிதத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிட்டால் நல்லது.

வீட்டுக்குள் ஓரடி தூரத்தில் தொடங்குங்கள். ஒரே ஒரு முறை "வா", இரண்டடி பின்னால் நகருங்கள், வந்ததும் ஒரு கை கழுத்துப்பட்டையைத் தொடட்டும், மறு கை வேகவைத்த கோழித்துண்டு கொடுக்கட்டும். நிலக்கடலை அளவு போதும். உடனே போக விடுங்கள். பட்டையைத் தொடுவதைப் பழக்காவிட்டால் பக்கத்தில் வந்து கைக்கெட்டாத தூரத்தில் நின்று ஆட்டம் காட்டும். பிறகு அறைக்கு அறை, அதன்பின் கொல்லை, அங்கே 10 மீட்டர் கயிறு கட்டியே. வரவில்லை என்றால் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். ஐந்தாவது முறைதான் வரவேண்டும் என்று பழகிவிடும். எதிர்ப்பக்கம் ஓடுங்கள், துரத்தி வரும். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, கட்டிப்போட "வா" என்று கூப்பிடவே கூடாது. அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கி வாருங்கள்.

இந்த இனத்துக்கு ஒரு சங்கதி உண்டு. தலை குறுகல், கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரணப் பட்டை, பின்னால் இழுத்தால் காது வழியாக உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். முழுக்க இறுகிய நிலையிலும் ஒரு விரல் நுழைய வேண்டும். இந்தப் பட்டையை வெளியே நடக்கும்போது மட்டும் போடுங்கள், வீட்டுக்குள் எதிலாவது மாட்டிக்கொள்ளும்.

கோழி விஷயத்தில் விறைத்து நிற்பது துரத்தலின் முதல் படி. திட்டினால் நீங்கள் இல்லாதபோது துரத்தும். கயிற்றோடு கோழி தெரியும் தூரத்தில் நின்று பாருங்கள். தீனியை வாங்கிச் சாப்பிடுகிறதா? சாப்பிடவில்லை என்றால் தூரம் போதாது, பின்வாங்குங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் முகம் திரும்பும் அந்த நொடியில் கொடுங்கள். சில நாளுக்கொரு முறை இரண்டு மூன்றடி கிட்டே போகலாம். எவ்வளவு நன்றாகப் பழகினாலும் கோழியோடு தனியே விடாதீர்கள், நடுவில் கம்பிவலை கட்டாயம். முயல் துரத்தவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய் இது. ஓடுகிற பிராணியைக் கண்ட பிறகு காது கேட்காது. அதைக் கீழ்ப்படியாமை என்று அடிப்பது அநியாயம். 6 மாதத்துக்கு மேல் கற்றதெல்லாம் மறந்த மாதிரி நடக்கும், அப்போது கயிற்றுக்குத் திரும்பிவிடுங்கள்.

கரிசல்காடு:

அமுக்கிக் காட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை. ஓநாய்கள் ஒன்றையொன்று அடக்கித்தான் தலைவனாகும், நாயும் அப்படித்தான் என்று, அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து வந்த கருத்து அது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999-ல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிவிட்டார். மல்லாத்தி அமுக்கினால் குட்டி கற்றுக்கொள்வது உங்கள் கையைக் கண்டு பயப்படுவதை மட்டும்தான். பயந்த நாய்தான் பின்னால் கடிக்கும்.

இன்னொன்று, இதற்கு நேரம் குறைவு. புதியதைப் பயமின்றி ஏற்கும் பருவம் சுமார் 14 வாரத்தோடு சுருங்கிவிடும், உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. தினமும் தோளில் தூக்கிக்கொண்டு போய் பஸ், குடை விரிப்பவர், ஹெல்மெட் போட்டவர், மேளச் சத்தம், மாடு எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டித் தீனி கொடுங்கள். 16 வாரம் வரையிலான ஊசிகள் முடியும்வரை தெருநாய்கள் திரியும் மண்ணில் இறக்கிவிடாதீர்கள், குட்டிகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நகத்தை, காதை, வாயின் உட்புறத்தை தினமும் தொட்டுப் பழக்குவதையும் இந்த இரண்டு வாரத்திலேயே தொடங்குங்கள்.