மறு: குறைமாதக் குழந்தையின் நுரையீரல் நோய்க்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்!)

காட்பாடி மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். பெற்றோருக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியாவுக்கு (பி.பி.டி.) 'மூச்சுக்குழல் நுரையீரல் பிறழ்வளர்ச்சி' என்று போட்டால், "கேன்சரான்னு கேப்பாங்க சார்" என்கிறார் செவிலியர். 'வளர்குறை நுரையீரல்' சரிவருமா?

குடியாத்தம் தமிழாசிரியர்:
வராது. வளர்பிறை என்றால் வளர்கின்ற பிறை. வளர்குறையும் வினைத்தொகையே, வளர்கின்ற குறை என்றாகி, நாளுக்கு நாள் முற்றும் நோய் என்று தாய் நடுங்குவாள். 'குறைவளர்ச்சி' என்க. ஈரல் என்பதற்கு ஈரம் வேரா, ஈர்த்தல் வேரா என்பதைத் தனிமடலில் விரிக்கிறேன்.

வேலூர் குழந்தை மருத்துவர்:
விரிக்கும் முன் ஒன்று, ஐயா. குறைவளர்ச்சியை ஹைப்போபிளேசியாவுக்குக் கொடுத்தாயிற்று. அது கருவிலேயே சிறுத்த நுரையீரல். இது வேறு. 1967-இல் நார்த்வே என்ற மருத்துவரின் குழுவினர் விவரித்தது, வென்டிலேட்டர் அழுத்தமும் மிகை ஆக்சிஜனும் புண்ணாக்கித் தழும்பேற்றிய நுரையீரலை. காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து வந்தபின் இன்னும் முன்னதாகப் பிறந்தவர்களும் பிழைக்கிறார்கள். இவர்களுக்குத் தழும்பு குறைவு. காற்று நுண்ணறைகள்தான் சிலவாக, பெரிதாக நின்றுவிடுகின்றன. பிறந்தபின் முதல் 2, 3 ஆண்டுகளில் அவை வேகமாகப் பெருகும் என்பதால் ஓரளவு ஈடாகும், முழுதாக அல்ல. அடுப்புப் புகை, பீடிப் புகை கூடாது, 6 மாதம் முடிந்ததும் ஃப்ளூ ஊசி என்ற வரிகள் அதற்காகவே. பெயரைவிட அவற்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஆற்காடு, நுரையீரல் பரிசோதனை:
வருகிறவர்கள் சொல்வது 'வீசிங்', 'இளைப்பு' இரண்டே. அதை அப்படியே எழுதினால் ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டீராய்டு பம்ப்பைத் தாங்களே தொடர்வார்கள். இங்கே அடைப்பு இருந்தாலும் ஒவ்வாமை வீக்கம் பலருக்கு இல்லை. அந்தப் பம்ப் அவ்வளவாகக் கேட்காது. 6 வயதுவாக்கில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை) பார்த்து, மூச்சுக்குழலை விரிக்கும் சல்பூட்டமால் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதவைக்க வேண்டும். உதட்டோரம் காற்று கசிந்தாலும், பாதியில் நிறுத்தினாலும் அந்த ஊதல் தள்ளுபடி. ஒழுங்கானது 3 வேண்டும்.

குடியாத்தம் தமிழாசிரியர்:
பம்ப், வீசிங்! புப்புசம் என்ற வடசொல்லை விரட்டி நுரையீரலை அமர்த்தியது இதற்குத்தானா?

வேலூர் குழந்தை மருத்துவர்:
புப்புசத்தை யாரும் கேட்கவில்லை, ஐயா. 'குறைமாத நுரையீரல் நோய்', ஓரத்தில் சிறிதாக பி.பி.டி. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த எழுத்துகள்தான் இருக்கும்.

காட்பாடி மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பாலோர் சரி என்கிறார்கள். அச்சுக்கு அனுப்புகிறேன்.

குடியாத்தம் தமிழாசிரியர்:
மாதம் பிள்ளைக்கா, நுரையீரலுக்கா? 'குறைமாதப் பிள்ளை நுரையீரல் நோய்' என்பதே முறை. என் மறுப்பைப் பதிந்துகொள்க. ஈரல் மடல் இரவு வரும்.