ஆட்டிசம் உள்ள குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது வலிப்பாக இருக்குமா?

தண்டையார்பேட்டை அம்மா:
என் மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் இருப்பது சென்ற ஆண்டு தெரிந்தது. இரண்டு வாரங்களாக, சோறு ஊட்டும்போது வாயிலுள்ள கவளத்தை மெல்லாமல் நிறுத்தி, பத்து நொடி போல ஒரே இடத்தை வெறிக்கிறான். இமைகள் மட்டும் துடிக்கின்றன. பிறகு ஒன்றும் நடக்காதது போல மென்று விழுங்குகிறான். காட்டிய இடத்தில், "ஆட்டிசக் குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். என் மனம் ஒப்பவில்லை. ஆட்டிசத்துக்கும் வலிப்புக்கும் தொடர்பு உண்டா?

ராயபுரம் அப்பா:
உண்டு, சகோதரி. பொதுவாக 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் வலிப்பு நோய், ஆட்டிசம் உள்ளவர்களிடம் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். 5 வயதுக்குள் சிலருக்கும், பருவ வயதில் சிலருக்கும் தொடங்குகிறது.

என் மகள் கூப்பிட்டால் திரும்பாததை ஆட்டிசம் என்றே எண்ணி எட்டு மாதங்களை இழந்தோம். அது இன்றும் வலிக்கிறது. மின்விசிறியில் லயித்திருக்கும்போது பிஸ்கட் உறை கசங்கும் சத்தம் கேட்டாலே திரும்பிவிடுவாள். வலிப்பின்போது தோளைத் தொட்டு அசைத்தாலும் திரும்பமாட்டாள். அடுத்த முறை தொட்டுப் பாருங்கள். வீட்டில் வேறொருவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நாம் வாயால் விவரிப்பதைவிட அந்தக் காட்சி மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

திருவொற்றியூர் சிறப்பு ஆசிரியை:
ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பல குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியிலுள்ள ஒரே காரணம் இரண்டுக்கும் வேராக இருக்கிறது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் அதற்கு எடுத்துக்காட்டு. தோலில் இலை வடிவ வெண்திட்டுகள் இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள்.

குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி சோதனையை எடுக்கச் சொன்னால், தூக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள், ஏனெனில் விழித்திருக்கையில் தெரியாத மாற்றங்கள் தூக்கத்தில் தெரியக்கூடும். தலையில் பசையும் கம்பிகளும் ஒட்டுவதை நம் குழந்தைகள் பொறுப்பதில்லை. ஆகவே ஒரு வாரம் முன்பிருந்தே விரல் நுனியால் உச்சந்தலையை ஆங்காங்கே அழுத்தியும், துணித் தொப்பி மாட்டியும் பழக்குங்கள். சோதனைக்கு முந்தைய நாள் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவாமல் விடுங்கள். வலிப்பு இல்லாத சில ஆட்டிசக் குழந்தைகளுக்கும் இஇஜியில் மாற்றம் தெரிவதுண்டு. அதற்காக மட்டும் எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது.

கை கால் வெட்டி இழுத்தால், நம் பக்கத்தில் செய்வதுபோல இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள். 5 நிமிடங்கள் கடந்தால் 108-ஐ அழையுங்கள்.

தண்டையார்பேட்டை அம்மா:
இன்று மதியம் தோளைத் தொட்டேன், அவன் திரும்பவில்லை. என் மாமியார் படம் பிடித்துவிட்டார்கள். நாளைக் காலையில் அதை எடுத்துக்கொண்டு நரம்பியல் பிரிவுக்குப் போகிறோம்.