புதுப்பிப்பு: பெரேராவின் உண்மையான பலவீனம்

எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர் அலெக்ஸ் பெரேராவின் பலம் இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து), பலவீனம் தரைச் சண்டை என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் பாதியைத் திருத்துகிறேன். 2025 மார்ச்சில் அவரோடு மோதிய மகோமெட் அங்கலாயேவ் அவரைத் தரையில் வெல்லவில்லை; கீழே தள்ள எடுத்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. விடாமல் முன்னேறி, கூண்டின் வேலியோரம் ஒதுக்கியே ஐந்து சுற்றுகளின் முடிவில் புள்ளிகளில் வென்றார். பின்வாங்கும் பெரேராவிடம் அந்தக் கொடூரமான கால் உதைகள் குறைந்துவிடுகின்றன. ஊன்றி அடிக்க இடமில்லாமல் ஹுக்கும் அடங்கிவிடுகிறது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் மறுபோட்டியில் பெரேராவே தொடக்கத்திலிருந்து முன்னேறினார். வலது கையால் அங்கலாயேவைத் தடுமாறச் செய்து 80 விநாடிகளில் முடித்துவிட்டார். எத்தனை அருமையான திருத்தம்! தரைச் சண்டை பற்றிய ஐயம் மட்டும் எனக்கு முழுதாக நீங்கவில்லை: 2023இல் அவரோடு மோதிய யான் பிளாகோவிச் முதல் சுற்றிலேயே அவரைத் தரையில் வீழ்த்தி முதுகில் ஏறிக்கொண்டதை மறக்க முடியவில்லை.