மலிவு புரொசசர், ஓவர்கிளொக் (சிப்பை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது): மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள் (திருகோணமலை)

உப்புவெளியான்

மே மாதம், பகல் இரண்டு மணி, கச்சான் சுடு காற்று அடித்துக்கொண்டிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி புரொசசர். 2018 கடைசியில் கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கி, இரவு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கிராபிக்ஸ் கார்ட் வாங்கக் காசு இல்லை. சிப்புக்கு உள்ளேயே வேகா 8 கிராபிக்ஸ் இருந்ததால் இதுதான் கட்டுபடியானது. பி350 மதர்போர்ட், பெட்டியோடு வந்த கூலர், 8 ஜிபி ரேம் ஒன்று. வாடை மழை விடாமல் பெய்த மார்கழியில் 3.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.9க்கு ஏற்றினேன். வோல்டேஜ் 1.4. நான்கு மணி நேரம் சோதனை ஓட்டியும் சூடு 70 பாகையைத் தாண்டவில்லை. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

அக்கா அப்போது கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் இறுதி வருடம். ஆய்வறிக்கையை என் கொம்பியூட்டரில்தான் அடித்தார். எங்கள் அறைக்கு மேலே வெறும் சீற் கூரை. அந்த மே மாத நாளில் காலை ஆறு மணியிலிருந்து அடித்த பதினேழு பக்கம். நான் பின்னால் பாயில் படுத்திருந்தேன். கூலரின் சத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கணத்தில் திரை அப்படியே உறைந்தது. அக்காவின் கை மவுஸிலேயே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. மறுபடி போட்டபோது கோப்பு திறக்கவே இல்லை.

"கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் அக்கா" என்றேன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் பார்த்தாரா என்று இன்றும் தெரியாது.

கிண்ணியாத்துறை

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. என் கதை அதற்கு முந்தையது, பாதை என்ற மிதவைப் படகில் கடந்து போன காலம். இன்டெலின் பென்டியம் டுவல் கோர் இ5200. போர்ட்டோடு சேர்த்து சாரத்தில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, அலை தெறிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ரவுனில் ஒரு நானா இருந்தார். கடை வைத்திருக்கவில்லை, வீட்டுத் திண்ணையில் திருத்துவார். கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயொஸுக்குள் போய், அடிப்படை வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்ததை 266 ஆக்கினார். வேறெதையும் தொடவில்லை. சிப் அந்த அடிப்படையைப் பெருக்கும் எண், பெருக்கி, 12.5, ஆகவே 2.5 கிகாஹெர்ட்ஸ் 3.33 ஆகிவிட்டது. திரையில் அந்த எண் வந்ததும் நானா, "காசு கொடுத்து வாங்கினவன் 2.5தான் வாங்கினான், மிச்சம் அல்லாஹ் தந்தது" என்றார். கூலி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பிறகு கட்டார் போய்விட்டாராம். அந்தக் கொம்பியூட்டர் ஆறு வருடம் அதே வேகத்தில் ஓடியது. ஒரு பிளேன்ரீயாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

சீனக்குடாவிலிருந்து

உப்புவெளி தம்பி, கச்சான் மேல் பழி போடாதீர்கள். தவறு 1.4 வோல்ட்டில் இருக்கிறது.

என் கதை சின்னது. பென்டியம் ஜி3258. பென்டியம் பெயருக்கு இருபது வருடம் ஆனதற்காக 2014இல் இன்டெல் இந்தச் சிப்பின் பெருக்கியை நாமே மாற்றும்படி திறந்து விட்டது. அதற்கு இன்டெலின் இசட் வரிசை மதர்போர்ட் வேண்டும் என்றார்கள், ஆனால் என் எச்81 போர்ட்டில் பயொஸ் புதுப்பித்ததும் வழி திறந்தது. 3.2 கிகாஹெர்ட்ஸ் சிப் 4.2இல் தடுமாறாமல் ஓடியது. மருமகன் புது கேம் ஒன்றைப் போட்டான். நான்கு திரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓட்டும் திறன், கேட்டது. இதில் இரண்டு கோர், இரண்டு திரெட்தான். கறுப்புத் திரை, அவ்வளவுதான். "மாமா, 4.2 என்றீர்களே?" என்று கேட்டான். அந்தக் குரல்தான் மறக்கவில்லை. வேகத்தை ஏற்றலாம், இல்லாத கோரை உண்டாக்க முடியாது.

இப்போது தம்பியின் விஷயம். 2200ஜி தானாகவே 3.7 வரை ஏறும் சிப். அதற்கு மேல் நீங்கள் பெற்றது 200 மெகாஹெர்ட்ஸ், ஐந்து வீதம்தான். அதற்குக் கொடுத்தது என்ன? மின் செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.2ஐ 1.4 ஆக்கினால் அந்த வர்க்கம் மட்டுமே 36 வீதம் கூடும். அத்தனையும் சூடு. 2200ஜியில் சிப்பின் உலோக மூடிக்குக் கீழே பற்றாசும் இல்லை, சூடு கடத்தும் வெறும் பேஸ்ட்தான், சூடு மெதுவாகத்தான் வெளியேறும். கூலர் என்பது ஃபிரிட்ஜ் அல்ல. அறையின் சூட்டுக்கு மேலே இத்தனை பாகை என்றுதான் அதனால் பிடித்து வைக்க முடியும். மார்கழியில் 26 பாகை அறையில் 70 என்றால், கச்சானில் 36 பாகை அறையில் 80. சீற் போட்ட அறையில் அதற்கும் மேலே. குளிரில் தாக்குப்பிடிக்கும் வேகம் சூட்டிலும் தாக்குப்பிடிக்க அதே சிப் இன்னும் வோல்டேஜ் கேட்கும். கொடுத்தால் இன்னும் சூடாகும். ஆகவே சோதனையை மார்கழியில் ஓட்டக் கூடாது. ஆனி, ஆடியில், பகல் இரண்டு மணிக்கு, பெட்டியை மூடி, அறையில் ஆள் இருக்கும்போது ஓட்டுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கும் சொல்கிறேன். போர்ட்டை முதலில் பாருங்கள். ஏ320 போர்ட்டில் ரைசனின் பெருக்கியைத் தொட முடியாது, பி350, பி450 என்றால் முடியும். இன்டெலில் பொதுவாகக் கே எழுத்துள்ள சிப்பும் வேண்டும், இசட் போர்ட்டும் வேண்டும். கிண்ணியா நண்பரின் வித்தை 2011க்குப் பிறகு வந்த இன்டெல் சிப்களில் பொதுவாக ஓடாது. சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு அந்த அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸில் மற்ற இணைப்புகளையும் கட்டிவிட்டார்கள். நாலைந்து ஏற்றினாலே தடுமாறும். உள்ளே கிராபிக்ஸ் உள்ள ரைசன் என்றால் ஓவர்கிளொக்குக்கு முன் ரேமை இரண்டாகப் போடுங்கள். ஒரு 8 ஜிபிக்குப் பதில் இரண்டு 4 ஜிபி. வேகாவுக்கு சொந்த நினைவகம் இல்லை, ரேமின் பாதையைத்தான் பங்கு போடுகிறது. பாதை இரண்டானால் கேமில் வரும் வித்தியாசம் நீங்கள் ஏற்றிய 200 மெகாஹெர்ட்ஸைவிட எவ்வளவோ மேல். வருடத்துக்கு ஒருமுறை கூலரைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றுங்கள். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாலையூற்று

நான் ஓவர்கிளொக் செய்தவள் இல்லை. வாங்கும்போதே அடிபட்டவள்.

2022. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய மாதங்கள். வீட்டிலிருந்து வினாத்தாள் அடித்துக் கொடுப்பேன், பழைய கொம்பியூட்டர் செத்துவிட்டது. கடையில் ஐ3 10100எஃப் எழுதித் தந்தார்கள். நான்கு கோர், எட்டு திரெட், விலையும் மற்றதைவிடக் குறைவு. மதர்போர்ட்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன்.

மின்வெட்டு முடியும்வரை காத்திருந்து இரவு போட்டேன். ஃபேன் சுற்றியது, வெளிச்சம் எரிந்தது, திரையில் ஒன்றும் இல்லை. வயரை மாற்றினேன். பக்கத்து வீட்டு மொனிட்டரைக் கேட்டு வாங்கி மாட்டினேன். அடுத்த நாள் ஓட்டோவில் கடைக்குக் கொண்டுபோனபோது, அங்கே நின்ற பையன் பெட்டியில் இருந்த எஃப் எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. விற்றவரும் அவர்தான் என்பதால் நான் அங்கே நிறையப் பேசியிருக்கலாம். பேசவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. கார்ட் வாங்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் கையால் எழுதி ஃபொட்டோகொப்பி அடித்தேன்.

சீனக்குடா அண்ணா, இவ்வளவு எழுதினீர்கள். எஃப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு 4.2ஐவிட அதுதான் முக்கியம்.

மூதூர்க்கரை

வருடாவருடம் கூலரைக் கழற்றச் சொல்கிறார் சீனக்குடா அண்ணன். அவர் இன்டெல்காரர், அதில் ஊசி சொக்கெட்டில் இருக்கும், சிப் உலோகச் சட்டத்துக்குள் பூட்டப்பட்டிருக்கும். ஊசி சிப்பிலேயே இருக்கும் ரைசனின் ஏஎம்4 சொக்கெட் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு அப்படியே இழுத்துவிடாதீர்கள்.

நான் இழுத்தேன். ரைசன் 3 1200, வீடு கடலிலிருந்து இருநூறு யார். மூன்று வருடம் திறக்கவே இல்லை. கூலர் ஃபேனின் திருகாணி உப்பில் துருவேறி, பேஸ்ட் சீமெந்தாகிவிட்டிருந்தது. நேரே மேலே இழுத்தேன், டக் என்று ஒரு சத்தம். கூலரின் அடியில் புரொசசர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சொக்கெட் பூட்டியபடியே இருந்தது. 1331 ஊசி, அதில் ஒரு மூலையில் ஒரு வரிசை சாய்ந்து படுத்திருந்தது.

உம்மா தையல் ஊசி கொடுத்தார், கண்ணாடியையும் கொடுத்தார். இரவு ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை. ஒவ்வொன்றாக நிமிர்த்தும்போது முறியக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவைதான் வளைக்கலாம், திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். கடைசியில் அழுத்தாமலே தானாக உள்ளே விழுந்தது. ஓடியது, இன்றும் ஓடுகிறது, ஆனால் 3.1இல்தான், நான் அதை இனி ஏற்ற மாட்டேன்.

கழற்றும் முன் கொம்பியூட்டரைப் பத்து, பதினைந்து நிமிடம் வேலை வாங்கிச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். நிறுத்தி வயரைக் கழற்றிய பிறகு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். அது தளர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும்.

உப்புவெளியான்

பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 1.4 இல்லை, 1.38. சீனக்குடா அண்ணா சொன்னதில் இதனால் பெரிய மாற்றம் வராது, இருந்தாலும் சரியானதை எழுத வேண்டும். அந்த மே மாதத்துக்குப் பிறகு ஏற்றவே இல்லை. இரண்டாவது ரேம் அடுத்த வருடம் போட்டேன், நீங்கள் சொன்ன வித்தியாசம் உண்மைதான்.

அக்கா அந்தப் பதினேழு பக்கத்தையும் மூன்று இரவில் திரும்ப அடித்தார். இப்போது வவுனியாவில் இருக்கிறார். இன்னும் சொல்லவில்லை.

மூதூர் அண்ணா, என்னுடைய கூலரையும் 2018க்குப் பிறகு கழற்றவில்லை. ஞாயிறு கழற்றப் போகிறேன். இத்தனை வருடப் பேஸ்ட்டுக்கு பதினைந்து நிமிடச் சூடு போதுமா?