ஓபன் ஃபில்டர் மாட்டிய பிறகு இன்டேக் சூடாகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போரூர்_சிட்டி

ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. வண்டி 2012 சிட்டி, 1.5 ஐவிடெக். ஸ்டாக் ஏர்பாக்ஸை (கம்பெனி வைத்த மூடிய ஃபில்டர் பெட்டி) கழற்றிவிட்டு மூன்று இன்ச் அலுமினியக் குழாயும் பெட்டி இல்லாத திறந்த கோன் ஃபில்டரும் போட்டாச்சு. சத்தம் அருமை. 5000 ஆர்பிஎம் தாண்டினால் வருகிற உறுமல் எனக்கு இன்னும் பிடிக்கும், அதில் குறையே சொல்ல மாட்டேன்.

போன கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், கத்திப்பாரா இறக்கத்தில் நெரிசல். ஏசி முழு வேகத்தில். வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகிய டாங்கிள் இன்டேக் டெம்பரேச்சரை, அதாவது இன்ஜின் இழுக்கிற காற்றின் சூட்டை, போனில் காட்டிக்கொண்டிருந்தது. 52, 57, 63. ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் இன்னும் விறுவிறுவென ஏறி 74-இல் போய் நின்றது. வெளியே 39 டிகிரிதான். முன்னால் வண்டிகள் நகர்ந்ததும் மிதித்தேன். வண்டி உடனே வரவில்லை. மிதித்ததற்கும் அது கிளம்பியதற்கும் நடுவே ஒரு நொடி வெறுமை, பின்னால் வந்த பேருந்து ஹாரனை விடாமல் அடித்தது. அந்த ஒரு நொடிதான் இன்னும் போகவில்லை. ஸ்டாக் பாக்ஸ் இருந்தபோது இதே இடத்தில், இதே வெயிலில் 50-ஐத் தாண்டிப் பார்த்ததில்லை.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

நீலகிரி_ஸ்விஃப்ட்

எனக்கு நேர்மாறாக நடந்தது ப்ரோ. ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல், நானும் ஓபன் கோன்தான். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது 61. மேலே ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து, குன்னூர் தாண்டி மூடுபனிக்குள் நுழைந்தபோது 24. கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாவது கியரில் ஒரு வளைவிலிருந்து வெளியே வந்தேன் பாருங்கள், வேறு வண்டி ஓட்டுவது போல இருந்தது. குளிர்ந்த காற்று என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் உடம்பில் உணர்ந்தேன். அந்த இழுவை சமவெளியில் கிடைக்கவே இல்லை. கிடைக்க என்ன செய்யலாம் என்றுதான் இன்றுவரை யோசிக்கிறேன்.

லாக்_பார்ப்பவன்

நீலகிரி நண்பர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. மூடுபனியும் குளிரும் சுகமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி, ஊட்டியில் 15 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். குளிரால் 7 சதவீதம் கிடைக்கிறது, உயரத்தால் 20 சதவீதம் போகிறது. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற கருவி) இல்லாத வண்டிக்கு மொத்தத்தில் 15 சதவீதம் நஷ்டம். குன்னூரில் நஷ்டம் இதைவிடக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீங்கள் உணர்ந்தது இரண்டாவது கியரின் இழுவை, குறைந்த ஆர்பிஎம்மில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) இல்லாததால் ஈசியூ (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) தீப்பொறி டைமிங்கைத் தாராளமாக விட்டதும் காரணமாக இருக்கலாம்.

போரூர் நண்பருக்கு: 74 உண்மையான எண்தான், ஆனால் அது நின்றபோது வந்த எண். 1.5 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 75 லிட்டர் காற்றை இழுக்கும். மூன்று இன்ச் குழாயில் அது நொடிக்கு 16 மீட்டர் வேகம். குழாய் அரை மீட்டர் நீளம் என்றால் காற்று உள்ளே இருக்கும் நேரம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் அலுமினியம் எவ்வளவு சூடாக இருந்தாலும் காற்றுக்குப் பெரிதாக ஏற்ற முடியாது. ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, காற்று தவழ்ந்து போகிறது, சென்சாரின் உடம்பும் சேர்ந்து வேகிறது, அதனால்தான் 74. நான் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் என் வண்டியின் லாக் (சென்சார் எண்களின் பதிவு) எடுத்துப் பார்த்தேன். பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிற்கிற இடம்) நின்றபோது 68. வெளியே வந்து இரண்டாவது நேர்பாதையில் 46. வெளி வெப்பநிலை 37. அந்தக் கோடு சரிந்து இறங்குவதைத் திரையில் பார்த்த பிறகு ஐடில் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

போரூர்_சிட்டி

அண்ணா, டிராக்கில் சரி. நான் ஓட்டுவது வடபழனியிலும் கிண்டியிலும். சிக்னல் விட்டு அடுத்த சிக்னல் வருவதற்குள் உங்கள் 46 வருவதே இல்லை. என் வண்டி வாழ்கிற வாழ்க்கையே அந்த 60-க்கும் 74-க்கும் நடுவில்தான். 45-லிருந்து 74-க்குப் போனால் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைகிறது என்று நீங்கள்தான் வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள். அதோடு ஈசியூ டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் அன்று காலில் உணர்ந்தேன்.

சிங்காநல்லூர்_பட்டறை

தம்பி போரூர், நீ சொல்வதுதான் சரி. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு டிராக் கணக்கு செல்லாது.

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே டிராக்கில் ஒரு நாள். ஒரே மாடல் வண்டி இரண்டு, ஒன்று ஸ்டாக் பாக்ஸ், ஒன்று ஓபன் கோன். இரண்டும் ஒரே நேரம் உள்ளே வந்து நின்றன. கொஞ்ச நேரம் விட்டு பானட்டைத் திறந்து ஸ்டாக் பாக்ஸ் மூடியில் கை வைத்தேன், வெதுவெதுப்பு. பக்கத்து வண்டியின் ஃபில்டர் அடியில் இருக்கிற இரும்பு கிளாம்பில் வைத்தேன், சுரீர் என்று கையை எடுத்துக்கொண்டேன். ஃபில்டர் மூச்சு விடுகிற இடமே அப்படி என்றால் உள்ளே போகிறது என்ன காற்று?

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஸ்டாக் பாக்ஸின் வாய் எங்கே போகிறது என்று பார். பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டருக்கு மேலே, இல்லாவிட்டால் ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற பக்கத் தகடு). வண்டி செய்தவன் பைத்தியக்காரன் இல்லை, வெளிக்காற்று வருகிற இடம் பார்த்துத்தான் வைத்திருப்பான். அதனால் பாதிப் பேருக்கு ஸ்டாக் பாக்ஸிலேயே நல்ல பேனல் ஃபில்டர் போட்டால் போதும். இல்லை, கோன்தான் வேண்டும் என்றால் அதைத் தனியாக ஓர் அறைக்குள் வை. பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து முதலில் அட்டையிலேயே செய்து பொருத்திப் பார், பாட்டரி, வயரிங், ஏசி பைப் எதிலும் இடிக்கக் கூடாது. அப்புறம் ஒன்றரை மில்லி அலுமினியத் தகட்டில் வெட்டு. விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங். முக்கியமானது இதுதான்: தகட்டின் மேல் விளிம்பு பானட்டோடு ஒட்ட வேண்டும். ஒட்டுகிறதா என்று பார்க்க சப்பாத்தி மாவைக் கயிறாகத் திரித்து விளிம்பு நெடுக வை, மேலே பாலிதீன் தாள் போடு, பானட்டை மூடித் திற. மாவு எங்கே நசுங்காமல் தடிமனாக நிற்கிறதோ அங்கே இடைவெளி. அந்த இடத்தில் தடித்த ஃபோம் ஸ்ட்ரிப் ஒட்டு. ஒரு விரல் இடைவெளி விட்டாலும் ஃபேன் தள்ளுகிற அனல் அந்த வழியாகத்தான் வரும்.

அறை கட்டியாச்சு என்று விட்டுவிடாதே. அதற்கு வெளிக்காற்று வர வழி வேண்டும். ஸ்டாக் வாயையே அறைக்குள் திருப்பிவிடு, இல்லாவிட்டால் கிரில்லிலிருந்து ஒரு டக்ட் (காற்றுக் குழாய்) இழு. வழி இல்லாத பெட்டி கட்டினால் ஃபில்டர் மூச்சுத் திணறும், எங்கேயாவது சந்து கண்டுபிடித்து அதே சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். தங்க நிற டேப் சுற்றுகிறவர்கள் சுற்றட்டும், குழாய்க்குக் கொஞ்சம் உதவும், ஆனால் ஃபில்டர் அனலில் உட்கார்ந்திருந்தால் குழாய்க்குச் சுற்றி என்ன பயன்? ஹெட்டருக்கு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற குழாய்) சூட்டைத் தடுக்கிற ராப் துணி சுற்றினால் பானட்டுக்குள் சூடு நிஜமாகவே குறையும். ஆனால் மைல்ட் ஸ்டீல் ஹெட்டர் என்றால் ராப்புக்குள் ஈரம் தங்கித் துரு பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துப் பார். எண்ணெய் தடவுகிற ஃபில்டர் என்றால் எண்ணெயைக் குறைவாகத் தடவு, அதிகமானால் ஏர்ஃப்ளோ சென்சார் கம்பியில் படிந்து வண்டி தப்புக் கணக்குப் போடும்.

வேளச்சேரிக்காரன்

டக்ட் இழு என்று அண்ணே எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

என் மச்சான் வண்டியில் ஃபில்டரை முன் பம்பருக்குள், ஃபாக் லேம்ப்புக்குப் பின்னால் இறக்கியிருந்தார்கள். காற்று குளிர்ச்சிதான், எப்போது பார்த்தாலும் வெளி வெப்பநிலையைவிட 4, 5 டிகிரிதான் கூடுதல். நவம்பர் மழை. தி.நகர் பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர், முன்னால் போன ஆட்டோ கடந்துவிட்டது, இவரும் இறங்கினார். நான் பக்கத்து சீட்டில். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. டொக் என்று ஒரே ஒரு சத்தம், சுத்தியலால் அடித்த மாதிரி. அப்புறம் ஒன்றுமே இல்லை. இன்ஜின் அப்படியே நின்றது. அவர் சாவியைத் திருப்பப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிரித்தபோது இரண்டாவது சிலிண்டரில் கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. தண்ணீர் அமுங்காது. 1.5 லிட்டர் இன்ஜினில் கம்ப்ரஷன் 10-க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சுகிற இடம் 40 மில்லி சொச்சம். அதைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்தால் எதுவோ ஒன்று வளைந்தே ஆகும். இன்ஜினுக்குத் தனி இன்ஷூரன்ஸ் கவர் எடுக்கவில்லை, மாற்றியமைத்த இன்டேக்கைப் பாலிசியில் சொல்லவும் இல்லை. பணம் முழுக்கக் கையிலிருந்து போனது.

சென்னையில் ஓட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஃபில்டர் பம்பருக்குள் அவ்வளவு கீழே வேண்டாம். ஆறு டிகிரி கூடினாலும் பரவாயில்லை.

நீலகிரி_ஸ்விஃப்ட்

லாக் நண்பரே, கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதே மலையில் அதே வளைவில் ஸ்டாக் பாக்ஸோடும் ஓட்டியிருக்கிறேன். நான் சொல்வது மலைக்கும் சமவெளிக்கும் நடுவிலான ஒப்பீடு மட்டும் இல்லை.

லாக்_பார்ப்பவன்

அப்படியானால் இரண்டுக்கும் லாக் போடுங்கள், பார்க்கலாம். ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

கிள்ளான்_ஸ்டி

இங்கே எல்லாரும் டர்போ இல்லாத வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் காடி (கார்) சுபாரு எஸ்டிஐ, டர்போ போட்டது. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் இன்ஜின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும், பானட் மேலே இருக்கிற ஸ்கூப் வாய் வழியாகத்தான் அதற்குக் காற்று.

மூடிய பெட்டி வைத்த இன்டேக் போட்டேன். டர்போவுக்கு முன்னால் இருக்கிற சென்சாரில் 10 டிகிரி குறைந்தது, சந்தோஷமாக இருந்தது. மேனிஃபோல்டில் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரிகிற இடம்) தனியாக ஒரு சென்சார் வைத்துப் பார்த்தால் 3 டிகிரிதான் வித்தியாசம். ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 35 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு (டர்போ தருகிற கூடுதல் அழுத்தம்) அழுத்தினால், கம்ப்ரஸர் 70 சதவீதத் திறன் என்று வைத்தாலும், வெளியே வரும்போது 130 டிகிரி. உள்ளே போவது 45 என்றால் வெளியே 144. இன்டர்கூலர் அதில் முக்கால்வாசியை வாங்கிவிடும், மிஞ்சுவது அந்த 3 டிகிரி. ஆக டர்போ காடிக்கு முதல் செலவு இன்டர்கூலரில்தான் இருக்க வேண்டும், இன்டேக்கில் இல்லை.

எனக்கு மறக்காதது மலேசியாவின் செப்பாங் டிராக்கில் ஒரு பிற்பகல். பிட் லேனில் வரிசையில் நிற்கிறோம், மேனிஃபோல்டு எண் 80-ஐத் தாண்டிவிட்டது, ஸ்கூப்புக்கு மேலே காற்று நெளிவது ஓட்டுகிற இடத்திலிருந்தே தெரிகிறது. என் மாடலில் இன்டர்கூலர்மேல் தண்ணீர் தெளிக்கிற ஸ்விட்ச் உண்டு, டாங்க் பின்னால் டிக்கியில். பச்சை விளக்கு எரிவதற்கு முன் அதை அமுக்கினேன். 80, 76, 71 என்று எண் இறங்கியது, ஸ்கூப்பிலிருந்து ஆவி எழுந்தது. அந்த முதல் நேர்பாதையில் கிடைத்த பூஸ்ட் வேறு எந்த இன்டேக்கும் எனக்குத் தந்ததில்லை. நிற்கும்போது ஸ்கூப்பில் காற்றே கிடையாது, அதனால் அங்கே தண்ணீர்தான் வேலை செய்கிறது.

துபாய்_கோல்ஃப்

கிள்ளான் அண்ணே சொல்வது நூறு சதவீதம். கோல்ஃப் ஆர், ஜனவரியில் ரீமேப் (ஈசியூவின் அமைப்பை மாற்றி எழுதுவது) செய்தேன், அன்று வெளியே 22 டிகிரி. ஜூலையில் 45 டிகிரியில் லாக் எடுத்தால் நான்கு சிலிண்டரிலும் டைமிங் பின்வாங்கியிருந்தது. வெளிக்காற்றால் குளிர்கிற இன்டர்கூலர் எவ்வளவு பெரிதானாலும் வெளிக்காற்றைவிடக் கீழே கொண்டுபோகாது. பட்டறையில் கோடைக்குத் தனி மேப் கேட்டு வாங்குங்கள்.

சிங்காநல்லூர்_பட்டறை

கிள்ளான் தம்பி, கணக்கு ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். டர்போ உறிஞ்சுகிற காற்று சூடாக இருந்தால் அதே பூஸ்டுக்கு டர்போ இன்னும் அதிகம் உழைக்க வேண்டும். மேனிஃபோல்டில் 3 டிகிரிதான் என்றாலும் டர்போ ஷாஃப்டுக்கு அது 3 டிகிரி இல்லை.

வேளச்சேரித் தம்பி சொன்னது முக்கியம். ஃபெண்டருக்குள் டக்ட் கொண்டுபோகிறவர்கள் அதன் அடிப்பள்ளத்தில் ஒரு சின்ன வடிகால் துளை போடுங்கள், வாயைச் சக்கரத்தின் பக்கம் திருப்பாதீர்கள். அது தெறிக்கிற தண்ணீருக்குத்தான், மூழ்கினால் துளையும் காப்பாற்றாது. போரூர் தம்பி, அட்டையில் வெட்டியதும் படம் எடுத்துப் போடு, தகடு வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.